வலியா, பயமா, பிடிவாதமா? பேச்சு நின்றுபோன அம்மாவைப் புரிந்துகொள்ள

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் என்று சொல்லி ஆறு வருடம் ஆகிறது. போன தீபாவளிக்குப் பிறகு பேச்சு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. 'ம்', 'ஆ' தவிர ஒன்றும் வருவதில்லை. குளிப்பாட்டப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். என் மணிக்கட்டைப் பிடித்தால் விடுவதே இல்லை, நகம் பதிந்துவிடுகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நைட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறார். சோறு ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 'எல்லாம் வேணும்னே பண்றாங்க' என்கிறார் என் அண்ணன். டாக்டர் அமைதிப்படுத்த ஒரு மாத்திரை கொடுத்தார். அதற்குப் பிறகு உட்காராமல் நடந்துகொண்டே இருக்கிறார். யூடியூபில் உடல்மொழி வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். மனிதர் சொல்வதில் 93 சதவீதம் உடம்புதான் சொல்கிறது, கையைக் கட்டினால் கோபம் என்கிறார்கள். அம்மா இப்போதெல்லாம் இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கியேதான் வைத்திருக்கிறார். என் மேல் கோபமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்:

மடங்கிய கையிலிருந்தே தொடங்கலாம். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை. மறதி நோய் முற்றும்போது தசைகளில் ஒருவித இறுக்கம் வரும். அதன் குணம் விசித்திரமானது. நீங்கள் எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு பலமாக அந்தக் கை எதிர்த்து நிற்கும். மெதுவாக நகர்த்தினால் தளர்ந்து கொடுக்கும். அவசரமாக ரவிக்கை மாட்டுகிறவருக்கு இது முழுக்க முழுக்க வீம்பாகவே தெரியும். ஆனால் அம்மாவின் விருப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவர் நினைத்தாலும் தளர்த்த முடியாது.

மணிக்கட்டுப் பிடியும் அப்படித்தான். உள்ளங்கையில் ஏதாவது பட்டால் விரல்கள் தாமாக மூடிக்கொள்வது பிறந்த குழந்தைகளிடம் உண்டு. மூளையின் முன்பகுதி முதிர்ந்ததும் அது அடங்கும். அந்தப் பகுதி தேயத் தொடங்கினால் திரும்ப எட்டிப்பார்க்கும். உங்கள் கையை இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவும் முயலாதீர்கள். அம்மாவின் மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினால் விரல்கள் தானாகத் தளரும். குளிப்பாட்டும்போது கையில் ஒரு சின்னத் துண்டை முதலிலேயே கொடுத்துவிட்டால் உங்கள் மணிக்கட்டு தப்பும். நகத்தை வாரம் ஒருமுறை வெட்டுங்கள். அவரது உள்ளங்கையிலும் நகம் பதிந்து புண்ணாகியிருக்கிறதா என்று பாருங்கள், பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

உடம்பு செய்கிற எல்லாமே மனதின் செய்தி இல்லை என்பதற்காக இந்த இரண்டையும் முதலில் சொன்னேன். சில பக்கவாத நோயாளிகளுக்கும் ரத்தக்குழாய் அடைப்பால் மறதி வந்தவர்களுக்கும் துக்கமே இல்லாமல் அழுகை பொங்கும், சந்தோஷமே இல்லாமல் சிரிப்பு வரும். நடுக்குவாதம் உள்ளவரின் முகம் உணர்ச்சி இருந்தாலும் அசையாது. வயதான முகத்தில் நிரந்தரமாகப் படிந்த சுருக்கம் தூரத்திலிருந்து பார்த்தால் சிடுசிடுப்புப் போலவே இருக்கும்.

அந்த 93 சதவீதக் கணக்கை விட்டுவிடுங்கள். 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் செய்த இரண்டு சிறு சோதனைகளிலிருந்து வந்தது அது. தனிச் சொற்களையும் குரல் தொனியையும் முகப் படங்களையும் கொடுத்து, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். கை கட்டினால் கோபம், மூக்கைத் தொட்டால் பொய் என்ற அகராதியும் ஆரோக்கியமானவர்களிடமே நிற்பதில்லை. பொய்யைக் கண்டுபிடிக்க ஆட்களை உட்காரவைத்துச் செய்த ஆய்வுகளை 2006இல் சேர்த்துப் பார்த்தபோது, சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். உங்கள் அம்மா விஷயத்தில் அந்த அகராதி இன்னும் ஆபத்து, ஏனென்றால் 'கோபம்' என்று முடிவு கட்டிவிட்டால் வலியைத் தேட மாட்டீர்கள்.

நம்பக்கூடிய குறி ஒன்றே ஒன்று: அவரது வழக்கத்திலிருந்து வந்த மாற்றம். மற்றவர் முகத்தோடு ஒப்பிடாதீர்கள், நேற்றைய அம்மாவோடு ஒப்பிடுங்கள். அதற்கு நேற்றைய அம்மா எப்படி இருந்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று நாள் ஒதுக்குங்கள். காலையில் எழுந்ததும், குளியலின்போது, மதியச் சாப்பாட்டில், சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று நாளுக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் வெறுமனே பாருங்கள். நெற்றி, கண், வாய், மூச்சு, கை, கால் விரல் என்ற வரிசையில் கண்ணை ஓட்டினால் எதுவும் விடுபடாது. நிம்மதியாக இருக்கும் ஒரு பொழுதில் முகத்தை ஒரு போட்டோவும், இரண்டு நிமிட வீடியோவும் எடுத்து வையுங்கள். நெற்றிச் சுருக்கம் எப்போதும் உள்ளதா புதிதா என்ற சந்தேகம் வரும்போது அந்தப் போட்டோ கைகொடுக்கும்.

நோட்டில் ஐந்து பத்தி போதும்: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, நீங்கள் என்ன மாற்றினீர்கள், கால் மணி நேரத்தில் என்ன ஆனது. இரண்டாவது பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

இப்போது முகத்துக்கு வருவோம். வலி, பயம், கோபம் மூன்றிலும் முகம் சுருங்கும், ஆனால் ஒரே மாதிரி சுருங்காது. வலியில் புருவம் கீழே இறங்கும், கண்ணைச் சுற்றி இறுகி இடுங்கும் அல்லது மூடிக்கொள்ளும், மூக்கின் இருபக்கமும் சுருங்கி மேலுதடு சற்று ஏறும். பயத்தில் நேர் எதிர்: புருவம் மேலேறி ஒன்றையொன்று நெருங்கும், கண் அகலும், மேல் வெள்ளை தெரியும், உடம்பு ஒரு நொடி உறைந்துபோகும். கோபத்தில் புருவம் இறங்கினாலும் கண் இடுங்குவதில்லை. பார்வை உங்கள் மேல் நிலைகுத்தி நிற்கும், உதடு ஒட்டி இறுகும். மறதி நோயாளிக்கு வலி குறைவாகத்தான் தெரியும் என்று ஒரு நம்பிக்கை மருத்துவமனைகளிலும் உண்டு. அது தவறு. அளந்து வலி கொடுத்துச் செய்த ஆய்வுகளில் அவர்களது முகம் மற்ற முதியவர்களை விடக் குறைவாகச் சுளிக்கவில்லை, சிலவற்றில் அதிகமாகவே சுளித்தது. வலிக்கிறது என்று சொல்லும் திறமைதான் போய்விட்டது.

முகத்தை விட நேரம் இன்னும் தெளிவாகச் சொல்லும். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதுமே, நீங்கள் தொடும் முன்பே உடம்பு பின்வாங்கினால் அது பயம். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கும் அந்த நொடியில் மட்டும் முகம் இடுங்கி, கையை இறக்கியதும் தளர்ந்தால் அது வலி, இடமும் தெரிந்துவிட்டது. எந்த நேரத்திலும், யார் பக்கத்தில் போனாலும் வருகிற தவிப்பு மூன்றாவது வகை. மலச்சிக்கல், நீர் அடைப்பு, மாத்திரை, காய்ச்சல் இவற்றை அங்கே சந்தேகிக்க வேண்டும்.

மடங்கிய கையைச் சோதிக்கவும் இதே வழிதான். எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கையால் முழங்கையையும் மற்றதால் மணிக்கட்டையும் கீழிருந்து தாங்கி, மனதுக்குள் பத்து எண்ணும் நேரத்தில் கையை விரியுங்கள். கண் முகத்தில் இருக்கட்டும். கை தளர்ந்து விரிந்து, முகம் மாறாமல் இருந்தால் அது தசை இறுக்கம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்ததும் முகம் இடுங்கினால் அந்த மூட்டில் கோளாறு. போர்வை போர்த்திக் கொஞ்ச நேரத்தில் தானாகவே கையை இறக்கினால் குளிர். சோதனை முடிந்தது, மல்லுக்கட்ட வேண்டாம். நாள்கணக்கில் மடங்கியே இருக்கும் மூட்டு அப்படியே இறுகிப்போகும். ஆகையால் தினமும் இரண்டு வேளை இப்படி மெதுவாக விரிக்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

பார்த்ததை எண்ணாக மாற்ற ஒரு கருவி இருக்கிறது. 'பெயினாட்' என்று பெயர். வார்டன், ஹர்லி, வோலிசர் என்ற மூவர் 2003இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். பேச முடியாத மறதி நோயாளிகளுக்கென்றே உருவாக்கியது. ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 2 வரை, மொத்தம் 10. மூச்சு சீராக இருந்தால் பூஜ்யம், அவ்வப்போது வாங்கினால் 1, சத்தத்தோடு திணறினால் அல்லது நீண்ட நேரம் வேகமாக ஓடினால் 2. குரலில் ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம், இடையிடையே முனகினால் 1, திரும்பத் திரும்பக் கூப்பிட்டாலோ சத்தமாக அனத்தினாலோ அழுதாலோ 2. முகம் சும்மா இருந்தால் அல்லது சிரித்தால் பூஜ்யம், வாடியோ மிரண்டோ புருவம் சுருங்கியோ இருந்தால் 1, நன்றாகச் சுளித்தால் 2. உடம்பு தளர்ந்திருந்தால் பூஜ்யம், இறுக்கமாக அல்லது பரபரப்பாக இருந்தால் 1, விறைத்துப்போனாலோ முஷ்டி மடக்கினாலோ முழங்காலை இழுத்துக்கொண்டாலோ தள்ளிவிட்டாலோ அடித்தாலோ 2. கடைசியாக, ஆறுதல்: தேவையே படவில்லையென்றால் பூஜ்யம், குரலுக்கோ தொடுகைக்கோ அடங்கினால் 1, எதற்கும் அடங்காவிட்டால் 2. ஒன்று முதல் மூன்று வரை லேசான வலி, நான்கு முதல் ஆறு வரை நடுத்தரம், ஏழும் அதற்கு மேலும் கடுமை என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இதை இரண்டு நிலையில் பார்க்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை, அசைக்கும்போது ஒரு தடவை. படுக்கையில் அசையாமல் கிடப்பவருக்குப் பூஜ்யம் வந்தது என்று நர்ஸும் வீட்டாரும் நிம்மதியடைவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. மூட்டு வலி, முதுகுத்தண்டு முறிவு, படுக்கைப்புண் எல்லாம் அசைவில்தான் வெளியே வரும். இன்னொரு குறையும் உண்டு. பயந்துபோனவருக்கும் இந்தக் கருவி ஐந்து, ஆறு கொடுத்துவிடும். எண் சொல்வது தவிப்பின் அளவைத்தான். அது வலியா பயமா என்பதை மேலே சொன்ன முகத்தையும் நேரத்தையும் வைத்து நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

பிரிக்க முடியாதபோது, முதலில் வலி என்று வைத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது. மேற்கு நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில், மூர்க்கமாக நடந்துகொண்ட 352 மறதி நோயாளிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் படிப்படியாக வலி மருந்து கொடுத்தார்கள், பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால்தான். அந்தப் பிரிவில் மூர்க்கம் 17 சதவீதம் குறைந்தது. 'வேணும்னே பண்றாங்க' என்று சொல்லப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் வலித்திருக்கிறது. உங்கள் டாக்டரிடம் பாராசிட்டமாலை நேரம் வைத்துக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ குறைத்துத்தான் கொடுப்பார்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும், இரட்டிப்பாகிவிடக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். மருந்து கொடுக்கும் நாளில் அதே வேலையை, சொல்லப்போனால் அதே ரவிக்கையை மாட்டுவதை, மருந்துக்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் எண் போட்டுப் பாருங்கள். ஆறு மூன்றாக இறங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

குளியல். உங்கள் கடிதத்தை வைத்து என் முதல் சந்தேகம் தோள்பட்டை, இரண்டாவது தலையில் சொம்பால் ஊற்றும் தண்ணீர். என்ன நடக்கப் போகிறது என்று புரியாதவருக்கு, கண்ணுக்குத் தெரியாத திசையிலிருந்து முகத்தில் தண்ணீர் விழுவது தாக்குதலாகவே படும், கை தற்காப்புக்கு எழும். 2004இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், குளிப்பாட்டும் முறையை நோயாளிக்கு ஏற்றபடி மாற்றியதுமே அடிதடி பாதிக்கு மேல் குறைந்தது. என்ன மாற்றினார்கள்? உடம்பைத் துணியால் மூடியே வைத்தார்கள், பேசிக்கொண்டே செய்தார்கள், தேவைப்பட்டால் குளியலறையை விட்டுவிட்டுப் படுக்கையிலேயே வெதுவெதுப்பான துண்டுகளால் துடைத்தார்கள்.

உங்கள் வீட்டில் இப்படிச் செய்யலாம். குளியலறையில் முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலி, காலுக்குக் கீழே வழுக்காத விரிப்பு. மின்விசிறியையும் ஜன்னலையும் முன்பே மூடிவிடுங்கள். தண்ணீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. தோளைச் சுற்றி ஒரு பெரிய துண்டு போர்த்தி, அதை எடுக்காமலே அடியில் கைவிட்டுத் துடையுங்கள். பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள், தலை கடைசி. தலைக்கு ஊற்றுவதே சண்டையென்றால் அதை வேறொரு நாளுக்குத் தள்ளிவிடலாம், ஒன்றும் குடி முழுகிப்போகாது. உடை மாட்டும்போது வலிக்கிற கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். ரவிக்கையை விட்டுவிட்டு முன்பக்கம் ஜிப் வைத்த, கை அகலமான நைட்டிக்கு மாறுங்கள். வலி மருந்து உண்டென்றால் குளியலுக்கு 45 நிமிடத்துக்கு முன் கொடுங்கள். நெற்றி சுருங்கத் தொடங்கும்போதே கையை நிறுத்திவிடுங்கள். சுருக்கம், விறைப்பு, முனகல், பிறகுதான் அடி என்ற வரிசையில் பெரும்பாலும் வரும். முதல் இரண்டையும் கவனிக்காமல் விட்டவருக்கு அடி மட்டும் 'திடீரென்று' வந்ததாகத் தோன்றும்.

சாயங்கால நைட்டி இழுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கலாம். அதனால் ஒரு நாளைக்கு ஒன்றாக மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. முதலில் கழிவறை. சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு இருந்து, அதைச் சொல்லவும் இடத்தைத் தேடவும் முடியாதவர் துணியைத்தான் இழுப்பார். மூன்றரை மணிக்கே, இழுப்பு தொடங்கும் முன், கமோடில் உட்கார வையுங்கள். இரண்டாவது மலம். கேலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று நாளாகப் போகவில்லையென்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கெட்டி மலம் அடைத்துக்கொண்டு அதன் பக்கவாட்டில் தண்ணீராகக் கசிவதும் உண்டு. வீட்டார் அதைப் பேதி என்று நினைத்துப் பேதி நிற்கும் மாத்திரை கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள். தொப்புளுக்குக் கீழே வயிறு உப்பி, தொட்டால் முகம் இடுங்கி, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வந்தால் நீர் அடைப்பு, அன்றே மருத்துவமனை. பிறகு தோல்: தொடை இடுக்கு, மார்பகத்துக்கு அடியில், டயபரின் விளிம்பு படும் இடம். அங்கே படையும் வேர்க்குருவும் கண்ணில் படாமல் வளரும். கடைசியாக வெளிச்சம். அந்தி மங்கும்போது நிழல்கள் நீளும், ஜன்னல் கண்ணாடியில் யாரோ நிற்பது போலத் தெரியும். கண்புரை இருந்தால் இன்னும் மோசம். ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டு, திரையை இழுத்து, டிவி சீரியலின் அலறலை நிறுத்திப் பாருங்கள்.

சாப்பாட்டில் முகம் எந்தக் கவளத்தில் திரும்புகிறது என்று எண்ணுங்கள். முதல் கவளத்திலேயே என்றால் வாயைப் பாருங்கள். டார்ச் அடித்து, ஈறில் புண், வெள்ளைப் படை, உடைந்த பல், தளர்ந்த பல் செட் இருக்கிறதா என்று தேடுங்கள். பத்துப் பன்னிரண்டு கவளத்துக்குப் பிறகு என்றால் போதும் என்கிறார், அவ்வளவுதான். அதை மதித்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கொடுங்கள். ஒரு பக்கமிருந்து வரும் கரண்டிக்கு மட்டும் திடுக்கிட்டுத் திரும்பினால் அந்தப் பக்கம் பார்வை இல்லாமல் இருக்கலாம், எதிரே உட்கார்ந்து கீழிருந்து கரண்டியைக் கொண்டுவாருங்கள். சாதத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறார், சாப்பிடும்போது இருமுகிறார், கண்ணில் நீர் கோக்கிறது, பிறகு குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் களகளக்கிறது என்றால் ஊட்டுவதை உடனே நிறுத்துங்கள். உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறது. விழுங்கும் திறனைப் பரிசோதிக்காமல் மேலே போக வேண்டாம். மற்ற நாட்களிலும் நிமிர்ந்த நிலை, அரை டீஸ்பூன், தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது, முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாமல் உட்கார வைப்பது.

மாத்திரை விஷயம் அவசரம். அமைதிப்படுத்தக் கொடுக்கும் மருந்துகளில் சில, முக்கியமாக மனநோய்க்கான மருந்துகள், சிலருக்கு உடம்புக்குள் ஒரு பரபரப்பைக் கிளப்பும். உட்கார முடியாது, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பார்கள், திரும்பத் திரும்ப எழுவார்கள். பார்ப்பவருக்கு நோய் முற்றிவிட்டது போலத் தெரியும், அளவை இன்னும் கூட்டச் சொல்வார்கள், பரபரப்பு இன்னும் ஏறும். கூடவே முகம் இறுகி அசைவற்றுப் போவதும், நடை சின்னதாகி இழுப்பதும் இதே மருந்துகளால் வரலாம். மாத்திரை தொடங்கிய தேதியையும் நடை தொடங்கிய தேதியையும் எழுதிக்கொண்டு இந்த வாரமே அந்த டாக்டரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதே மாத்திரை வேறு சிலரை அடித்துப் போட்டது போல் தூங்க வைக்கும். வீட்டில் 'அப்பாடா, அமைதியாயிட்டாங்க' என்பார்கள். ஓரிரு நாளில் திடீரென்று வந்த மந்தம், கூப்பிட்டால் கண் திறக்காமை, பார்வை நிலைக்காமல் அலைவது இவை அமைதியின் அடையாளமே இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்து இழப்பு இப்படித்தான் முதலில் முகம் காட்டும், காய்ச்சல் கூட இல்லாமல்.

அம்மாவுக்கு எது பிடிக்கிறது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள், அதை விட்டுவிடுகிறார்கள். உதடு மட்டும் விரிவதை விடக் கண்ணின் ஓரம் சுருங்கும் சிரிப்பு நம்பகமானது. முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்த டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே இந்த வித்தியாசத்தைப் பதிவு செய்தார். தளர்ந்து திறந்த உள்ளங்கை, ஒரு பாட்டுக்குத் தட்டும் கால் விரல், பேசுகிறவரைத் தொடரும் கண், மூச்சு நீளமாவது எல்லாம் சேர்த்தி. முகம் அசையாதவரிடம் கையும் காலும்தான் கதி.

இன்னொன்று, அம்மாவின் முகத்தைப் பார்க்கும் முன் உங்கள் தாடையைத் தொட்டுப் பாருங்கள். அல்சைமர் நோயில் நினைவு தேயத் தேய, எதிரே இருப்பவரின் உணர்ச்சி தொற்றிக்கொள்ளும் தன்மை கூடுவதாக 2013இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்று காட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, நேரமாகிறது என்ற பரபரப்போடு நீங்கள் உள்ளே போனால் அவர் முகத்தில் தெரியும் மிரட்சி உங்களுடையதாகவே இருக்கலாம். எதிரே, கண் மட்டத்தில், இரண்டடி தள்ளி நின்று, கூப்பிட்டு, அவர் உங்களைப் பார்த்த பிறகு தொடுங்கள். அவர் கைக்கு மேலே பிடிக்காமல் கீழே உங்கள் கையைக் கொடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது நோட்டையும், ஓய்விலும் அசைவிலும் எடுத்த இரண்டு வீடியோவையும், ஆயுர்வேதம் சித்தா உட்பட எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதே பெரும்பாடு என்றால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். முதியோர் உதவி எண் 14567. ஒரு பக்க முகம் கோணினாலோ ஒரு கை விழுந்தாலோ, கீழே விழுந்த பிறகு ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ யோசிக்காமல் 108.

அண்ணனுக்கு: வேண்டுமென்றே ஒருவரைச் சீண்ட, என்ன செய்தால் அவருக்கு என்ன ஆகும் என்பதை நினைவில் வைத்துத் திட்டமிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்தது நிற்காத மூளையால் அது ஆகாது. வாதம் செய்து அண்ணனை ஒப்புக்கொள்ள வைக்க முயலாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் குளியலின்போது அவர் கையிலும் ஒரு பேனாவும், பெயினாட்டின் ஐந்து தலைப்புகள் எழுதிய தாளும் கொடுங்கள். இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண் போடுங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையே இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வீடியோவைப் போட்டு, எந்தத் தலைப்பில் பிரிந்தீர்கள் என்று சேர்ந்து பாருங்கள்.